புல்லட்டுக்குப் புது பேட்டரி

நேயர்களுக்கு வணக்கம். கம்பத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். திராட்சைத் தோட்டத்து பம்ப்செட்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் இன்றைக்கு இந்த வானொலி நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிட்டது அதற்காக இல்லை. அப்பா ஓட்டிய 1972ஆம் வருஷத்து புல்லட் என்னிடம் இருக்கிறது. திருவொற்றியூரில் செய்த வண்டி. 6 வோல்ட்டாக வந்ததை 12 வோல்ட்டாக மாற்றி இன்றும் ஓட்டுகிறேன். அதைச் சொல்லுங்கள் என்றார்கள்.

பழைய வண்டி வைத்திருக்கிறவர் யாரைக் கேட்டாலும் முதல் குற்றவாளி பேட்டரிதான். லைட் மங்கலா? பேட்டரி. ஹாரன் முனகுகிறதா? பேட்டரி. நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு ஆடி மாதம் குமுளியில் கல்யாணம். சாப்பிட்டுக் கிளம்ப இருட்டிவிட்டது. மழை என்றால் நம் கம்பத்து மழை இல்லை, குமுளி மழை. செக்போஸ்ட்டில் கொட்டும், லோயர் கேம்ப் இறங்கினால் ரோடு காய்ந்து கிடக்கும். மலையில் மூடுபனி வேறு. கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலேட்டரைக் குறைத்தால் ஹெட்லைட் எலுமிச்சம்பழ நிறத்துக்குப் போய்விடும். ரோடு தெரியவில்லை, நான் இருக்கிறேன் என்பதும் எதிரே வருகிறவனுக்குத் தெரியாது. பின்னால் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள், பேச்சே இல்லை. அவள் பேசாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

முன்னால் ஒரு ஜீப். ஏலத்தோட்ட வேலை முடிந்து திரும்பும் பெண்கள். எங்களைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை கத்தியது: "அண்ணே, லைட்டப் போட்டு வாங்கண்ணே!"

"போட்டுத்தான் வர்றேன் தாயி!" என்றேன்.

ஜீப்பே சிரித்தது. அப்புறம் டிரைவர் வேகத்தைக் குறைத்து, அவர் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே எங்களை இறங்க வைத்தார். மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் ராட்சதக் குழாய்கள் இறங்கும் இடம் தாண்டி, லோயர் கேம்ப்பில் நிறுத்தினார்கள். ஒரு பெரியம்மா இறங்கி வந்து என் ஹெட்லைட்டுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "எரியத்தான் செய்யுது" என்றார்.

மறுநாளே புது பேட்டரி வாங்கினேன். இரண்டு வாரம் நன்றாக இருப்பதுபோல ஒரு பிரமை. அப்புறம் அதே எலுமிச்சம்பழம். கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொரு பேட்டரி. ஊரில் நாலு பேருக்கு வோல்டேஜ் பார்த்துச் சொல்கிறவன், சொந்த வண்டியில் மீட்டரை வைத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் பார்த்தேன். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில், இன்னொரு முனையை ஹெட்லைட் கூட்டில். முள் அசையவே கூடாது. ஒரு வோல்ட்டுக்கு மேலே காட்டியது! ஆறு வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட் திரும்பி வருகிற வழியிலேயே போய்விடுகிறது. வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் அதே அளவுதான் குறையும் என்று நினைக்காதீர்கள். கிட்டத்தட்ட பாதி போய்விடும். டிரான்ஸ்பார்மருக்குத் தூரத்துத் தோட்டத்தில் மோட்டார் முனகுமே, அதே கதைதான்.

எங்கே போனது என்றால், எர்த்தில், அதாவது கரண்டு வண்டியின் இரும்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதையில். புல்லட்டில் ஹெட்லைட் முன் ஃபோர்க்கில் இருக்கிறது. அதன் எர்த், ஹேண்டில் திரும்பும் பேரிங் வழியாகத்தான் பிரேமுக்கு வரவேண்டும். அந்த பேரிங்கில் கிரீஸ். கிரீஸ் வழியாகக் கரண்டு எப்படிப் போகும்? போதாததற்கு நானே வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று பிரேம் முழுக்க அழகாக பெயிண்ட் அடித்திருந்தேன், போல்ட் உட்காரும் இடம் உட்பட. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கத் தேய்த்து, எட்டுகிற நீளத்துக்கு ஒரு ஒயர், அதன் முனைகளில் மாட்ட இரண்டு லக், ஹெட்லைட் கூட்டிலிருந்து நேராக பேட்டரி நெகட்டிவுக்கு. துரு பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் வாசலின். அவ்வளவுதான். அந்த ராத்திரியே அதே மலையில் ஏறி இறங்கினேன். இரண்டு பேட்டரிக் காசு தண்டம்.

குமுளியில் வண்டி ரிப்பேர் பார்க்கும் ஒரு மேஸ்திரி, மலையாளத்துக்காரர். அவர் என்னைச் சேட்டா என்பார், நான் அவரைச் சேட்டா என்பேன், யார் மூத்தவர் என்பது இன்னும் முடிவாகவில்லை. இப்போது எந்த வண்டி வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "எர்த்து நோக்கியோ சேட்டா?" அதையே உங்களிடமும் கேட்கிறேன். பேட்டரி வாங்கப் போகுமுன், எர்த் பார்த்தீர்களா?

சரி, அப்படியானால் 12 வோல்ட் எதற்கு? 36 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் ஓடவேண்டும். 12 வோல்ட்டில் 3 போதும். ஒயரில் வீணாவது நாலில் ஒரு பங்காகிறது. பல்பும் எந்தக் கடையிலும் கிடைக்கும். என் தொழில் காயில் கட்டுவது என்பதால் கரண்டு உண்டாக்கும் ஆல்டர்னேட்டரை நானே கட்டினேன்: சுற்று இரண்டு மடங்கு, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதி. ஏ.சி.யை டி.சி.யாக்கும் பழைய செலினியம் தட்டு ரெக்டிஃபையரை எடுத்துவிட்டு, வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரோடு சேர்ந்த இப்போதைய ரெக்டிஃபையரைப் போட்டேன். இக்னிஷன் காயில், ஹாரன், ஸ்பீடோமீட்டர் பல்பு வரை எல்லாமே 12. ஒன்றை மறந்தாலும் அது எரிந்து ஞாபகப்படுத்தும்.

பேட்டரி, ஸ்கூட்டருக்குப் போடும் 5 ஆம்பியர் ஹவர் சீல்டு. ஆசிட் ஊற்ற வேண்டாம். பார்க்க மட்டும் பழசாக இருக்கவேண்டும் என்று ஒரு ஆசை. செத்துப்போன அப்பா காலத்துப் பேட்டரியின் கறுப்புக் கூட்டைக் குடைந்து, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் நன்றாகக் கழுவி, புதியதை உள்ளே வைத்தேன். ஈயத்தகடுகளை மண்ணில் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்தால் இன்னும் அப்பா பெயிண்ட்டில் எழுதிய தேதி தெரியும்.

லித்தியம் பற்றியும் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார். சுருக்கமாக: லித்தியத்துக்கு ஒழுங்கான ரெகுலேட்டர் இல்லாமல் போடாதீர்கள், பழைய டைனமோவில் நேராகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவை பிரேமில் கட்டியிருப்பார்கள். புது ரெகுலேட்டருக்கு நெகட்டிவ்தான் பிரேமில், பார்க்காமல் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்டால் பழைய ஃபிளாஷர் ஒழுங்காகச் சிமிட்டாது, அதையும் மாற்றுங்கள். பியூஸ்... ஒரு விரல் ஆகிவிட்டது... பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும், ஹெட்லைட் கூட்டுக்குள் இல்லை. ஸ்பார்க்குக்கான பாயிண்ட் செட்டை மாற்றலாமா என்று கேட்டவருக்கு, கடைக்கு வாருங்கள், பேசுவோம். வணக்கம்.