அப்பாவின் உயிலும் மேற்கு மாம்பலம் வீடும்

நேயர்களுக்கு வணக்கம்.

2014 ஏப்ரலில் எங்கள் அப்பா காலமானார். காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்திருந்த உறவினர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று மாலை, தங்கையும் நானும் அப்பாவின் பீரோவைத் திறந்தோம். லாக்கரில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் நான்கு பக்கத்தில் ஓர் உயில். நாங்கள் யாரும் அப்படி ஒன்று இருப்பதை அறிந்திருக்கவில்லை.

மேற்கு மாம்பலத்தில் 1974-இல் அப்பா வாங்கிய வீடு அது. முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் கிணறு, கீழே மூன்று அறை, மாடியில் ஒன்று. நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள், அடுத்தவன் தம்பி, அவன் சிங்கப்பூரில் இருக்கிறான். கடைசி தங்கை திருச்சியில். அவள் கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், இரண்டு பெண் குழந்தைகளை அவள் தனியாக வளர்த்தாள். அப்பா உயிலில் எழுதியிருந்தது இதுதான்: வீட்டை விற்க வேண்டும், வரும் பணத்தில் பாதி தங்கைக்கு, மீதிப் பாதியில் எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு என்னுடையது. சட்டத்தில் இந்தப் பொறுப்பாளரைத்தான் எக்ஸிகியூட்டர் என்கிறார்கள்.

உயில் இல்லாமல் போயிருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு. அப்பா அதைத் தெரிந்துதான், ஒரு பங்கைக் கூட்டி, இரண்டு பங்கைக் குறைத்து எழுதியிருந்தார். தம்பி அன்று இரவே தொலைபேசியில் சொன்னான், "அக்கா, அப்பா சரியாத்தான் எழுதியிருக்கார்." அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பெரிய பலமாக இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது.

இனி என் தவறைச் சொல்கிறேன். உயில் இருக்கிறது, தாய்ப்பத்திரம் இருக்கிறது, இறப்புச் சான்றிதழ் இருக்கிறது, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழும் வாங்கியாயிற்று. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். வாங்குவதற்கு ஒரு குடும்பம் வந்தது, நல்ல மனிதர்கள். மூன்று மாதத்தில் கிரயம் முடித்துத் தருவதாக ஒப்பந்தம் எழுதி, 5 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கினேன். அதில் பெரும்பகுதியைத் தங்கையிடம் கொடுத்தேன். மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தை அவள் உடனே கட்டிவிட்டாள்.

அவர்களுக்கு வீட்டுக்கடன் தர வேண்டிய வங்கியின் வழக்கறிஞர், எங்கள் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "புரொபேட் எங்கே?"

புரொபேட் என்றால், இந்த உயில் மெய்யானது, இறந்தவர் சுயநினைவோடு எழுதிக் கையெழுத்திட்டது என்று நீதிமன்றம் விசாரித்து, உயிலின் நகலை இணைத்து, முத்திரை வைத்துத் தரும் ஆணை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. 57-ஆம் பிரிவோடு சேர்த்துப் படித்தால் அது சொன்னது இது: சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் நேரடி அதிகார எல்லைக்குள்ளும், பழைய வங்காள ஆளுகைப் பகுதியிலும் ஓர் இந்து எழுதிய உயில் என்றால், அல்லது அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு மனையைப் பற்றிய உயில் என்றால், புரொபேட் வாங்காமல் அதை வைத்து நீதிமன்றத்தில் உரிமை நிலைநாட்ட முடியாது. நீதிமன்றத்தில் நிற்காத உரிமையை நம்பி எந்த வங்கி கடன் தரும்?

இதே வீடு தாம்பரத்தில் இருந்து, உயிலையும் அங்கேயே அப்பா எழுதியிருந்தால், இந்தக் கட்டாயம் இருந்திருக்காது. அந்த எல்லைக்கோடு அப்படி, தாம்பரம் அதற்கு வெளியே. முஸ்லிம்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தவில்லை. கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்கு வந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு கிறிஸ்தவக் குடும்பம், உயிலோடு வந்த வீட்டைச் சில மாதங்களில் விற்று முடித்திருந்தது. அவர்களைப் பார்த்துத்தான் நானும் மூன்று மாதம் என்று துணிந்து எழுதினேன்.

அப்போது ஒரு தரகர் வீட்டுக்கு வந்தார். "மேடம், உயில் இருக்குன்னு ஏன் சொல்றீங்க? அதை உள்ளே வெச்சிடுங்க. வாரிசுச் சான்றிதழ்ல மூணு பேர் இருக்கீங்க, மூணு பேரும் கையெழுத்துப் போட்டா ஒரே மாசத்துல கிரயம். பணத்தை அப்புறம் உங்களுக்குள்ள எப்படி வேணா பிரிச்சிக்குங்க."

நேயர்களே, இந்த யோசனை பல வீடுகளில் நடக்கிறது. கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். நானும் அன்று இரவு தூங்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். உயிலை மறைத்துவிட்டால், காகிதத்தில் தங்கைக்கு மூன்றில் ஒரு பங்குதான். அவளுக்கு அப்பா கொடுத்த பாதி, எங்கள் இருவரின் நல்ல மனதை மட்டும் நம்பி நிற்கும். தம்பிக்கு நாளை ஒரு கஷ்டம் வரலாம், எனக்கு வரலாம், எங்களுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் கேட்கலாம். அதோடு, வாங்குகிறவர் தலையில் ஒரு வில்லங்கத்தை நாமே கட்டிவிடுகிறோம். என்றைக்காவது அந்த உயில் வெளியே வந்தால் அவர்தான் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். இறந்த மனிதர் இனி வந்து தன் வார்த்தைக்குச் சாட்சி சொல்ல முடியாது. அவர் எழுதி வைத்ததைப் பீரோவில் பூட்டி வைக்க நமக்கு உரிமை இல்லை என்று எனக்குத் தோன்றியது. தரகரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒப்பந்தம் முறிந்தது. என் வைப்புத்தொகை ஒன்றை உடைத்து 5 லட்சத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் நினைத்திருந்தால் நஷ்ட ஈடும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இன்றும் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

வழக்கறிஞரைப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டது வீட்டைப் பற்றியோ, பங்கைப் பற்றியோ இல்லை. "சாட்சிகள் இருக்கிறார்களா?" என்றுதான் கேட்டார். உயில் செல்ல வேண்டுமானால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால், அவர் வந்து, 'ஆமாம், அவர் கையெழுத்திட்டதை நான் பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். அப்பாவின் உயிலில் சாட்சி போட்டவர்கள் இருவரும் அவருடைய அலுவலக நண்பர்கள், அப்பா வயதுக்காரர்கள். ஒருவர் அப்பாவுக்கு முன்னாலேயே இறந்துவிட்டார். இன்னொருவர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெங்களூரு போனதாகச் சொன்னார்கள். எந்த முகவரியும் இல்லை.

நான் அவர் பழைய தெருவில் வீடு வீடாக விசாரித்தேன். மளிகைக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. கோவில் குருக்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்பு பால் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம்தான் மகனுடைய கைபேசி எண் இருந்தது. பெங்களூரு போனேன். 84 வயது, காது சரியாகக் கேட்காது, ஆனால் நினைவு பளிச்சென்று இருந்தது. "உங்க அப்பா எனக்குக் காபி கொடுத்துட்டு, பேனாவையும் கொடுத்தார்" என்றார். உயிலைக் காட்டியதும் தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் கொடுத்த பிரமாண வாக்குமூலத்தில்தான் எங்கள் மனு நின்றது. அதனால்தான் உயில் எழுதும் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன், சாட்சிக்கு உங்களைவிட இருபது வயதாவது சின்னவர்களைப் பிடியுங்கள், அவர்கள் முகவரியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.

2015 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தோம். உயிலின் அசலை அங்கேயே ஒப்படைத்தோம். சொத்துப் பட்டியல், நீதிமன்றக் கட்டணம், தம்பி சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு அனுப்பிய சம்மத வாக்குமூலம், தங்கையின் சம்மதம். வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபம் என்று எழுந்தால் இதே மனு வழக்காக மாறிவிடும், பிறகு ஆண்டுக்கணக்கில் நீளும். எங்களுக்கு அப்படி ஆகவில்லை. தம்பி முதல் நாள் இரவு சொன்ன வாக்கியத்தின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

காத்திருந்த காலத்தில் வீடு பூட்டியே கிடந்தது. ஆனால் பூட்டிய வீடும் செலவு கேட்கும். அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டணம், வாரம் ஒருமுறை பெருக்கி விளக்கேற்றும் பணிப்பெண்ணுக்குச் சம்பளம். அப்பாவின் சேமிப்புக் கணக்கில் நாமினியாக என் பெயர் இருந்தது. நாமினி என்றால் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், மற்றவர்களுக்காக வாங்கி வைத்திருப்பவர்தான். அந்தப் பணத்தில்தான் செலவு செய்தேன். ஒரு நோட்டு வாங்கி, பத்து ரூபாய் பல்பு வரைக்கும் எழுதினேன். மாதக் கடைசியில் பக்கத்தைப் படம் எடுத்து இருவருக்கும் அனுப்புவேன்.

2015 டிசம்பர் முதல் வாரத்து வெள்ளம் நேயர்களுக்கு நினைவிருக்கும். அடையாறு பெருகி மாம்பலம், அசோக் நகர் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் கூடத்தில் இடுப்பளவு நின்றது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த 1974 கிரயப் பத்திரம் ஊறிக் கூழாகிவிட்டது. நல்லவேளை, உயில் நீதிமன்றத்தில் பத்திரமாக இருந்தது. கிரயப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கினோம். சேறு அள்ள, மின் இணைப்பை மாற்ற, சுவருக்கு வெள்ளையடிக்க என்று செலவு நிறைய ஆனது. யார் எவ்வளவு தருவது என்று தம்பியும் தங்கையும் முதன்முறையாகச் சற்று உரத்துப் பேசினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் நோட்டை அனுப்பினேன். கணக்கில் இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அதில் இருந்தது. பேச்சு அதோடு நின்றது.

2016 நடுவில் புரொபேட் கைக்கு வந்தது. மறுஆண்டு வீடு விற்றது. கிரயப் பத்திரத்தில் எக்ஸிகியூட்டராக நானும், பங்குதாரர்களாக மூவருமே கையெழுத்திட்டோம். வாங்கியவர் அப்படிக் கேட்டார், கேட்டது சரிதான். ஒன்றை நினைவில் வையுங்கள்: புரொபேட் உயிலின் மெய்யை மட்டுமே சொல்லும், வீடு அப்பாவுடையதுதானா என்று சொல்லாது. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் வழக்கம்போல வேண்டும்.

வரி விஷயம் சுருக்கமாக. சொத்து வாரிசாக வருவதற்கு வரி இல்லை. விற்கும்போது வரும் ஆதாயத்துக்கு உண்டு, அதற்கு அப்பா வாங்கிய காலத்திலிருந்தே கணக்கு. பழைய வீடு என்றால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வாழும் பங்குதாரர் இருந்தால், வாங்குபவர் அவர் பங்கிலிருந்து பிடிக்கும் வரி மிக அதிகம். விற்பதற்கு முன்பே வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கிவிடுங்கள். என் தம்பி வாங்காமல் விட்டு, திரும்பப் பெற அலைந்தான்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரத்து மற்றும் திருத்தச் சட்டம், நான் சொன்ன 213-ஆம் பிரிவை நீக்கிவிட்டது. ஊருக்கு ஒரு நீதி, மதத்துக்கு ஒரு நீதி என்று இருந்த கட்டாயம் போனதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் புரொபேட் என்பதே ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விரும்புகிறவர்கள் இன்றும் மனு செய்யலாம். ஒரு பிள்ளைக்கு அதிகமாகவும் ஒரு பிள்ளைக்குக் குறைவாகவும் எழுதிய உயிலா, சாட்சிக்கு வயதாகிவிட்டதா, உறவில் முணுமுணுப்பு கேட்கிறதா, நான் என்றால் இப்போதும் புரொபேட்தான் வாங்குவேன். நீதிமன்றம் ஒருமுறை உயிலை ஏற்றுவிட்டால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். எந்த வழியில் போனாலும் சரி, காகிதம் முழுமையாகக் கைக்கு வருவதற்கு முன் தேதி போட்டு அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

என் தங்கையைப் போலத் தனியாக நிற்கும் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒரு தகவல். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. மறுபடியும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, ஐந்து, ஒன்று, சுழி, சுழி. உயிலின் நகலையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வணக்கம்.