மூடுபனிக்குள்ள கப்பல் ரெண்டு தடவை ஊதினா என்ன அர்த்தம்?

(நீளமா ரெண்டு சங்கு சத்தம்)

கேட்டீங்களா? எதிர்ல எதுவுமே தெரியாத மூடுபனிக்குள்ளருந்து இப்படி ரெண்டு நீள ஊதல் வந்தா, அங்க ஒரு இன்ஜின் கப்பல் நங்கூரமும் போடாம நகரவும் செய்யாம சும்மா மிதக்குதுன்னு அர்த்தம். ஒரே ஒரு நீள ஊதல்னா? அது ஓடிட்டு இருக்கு, உஷார்!

ரூல்ஸ சட்டுனு முடிச்சிடுவோம். 1972ல போட்ட சர்வதேச மோதல் தடுப்பு விதிகள், 1977லருந்து அமல்ல இருக்கு. நீள ஊதல் 4லருந்து 6 செகண்ட், குட்டி ஊதல் 1 செகண்ட். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவையாச்சும் ஊதியே ஆகணும், ரேடார் இருக்குன்னு சாக்கு சொல்ல முடியாது. ஒரு நீளம் ரெண்டு குட்டின்னா பாய்மரம், மீன்பிடி படகு, இழுவைக் கப்பல், கட்டுப்பாட்டை இழந்ததுன்னு சட்டுனு விலக முடியாத ஆளுங்க.

இப்போ எனக்கு ரொம்ப பிடிச்ச மேட்டர். நங்கூரம் போட்ட கப்பல் நிமிஷத்துக்கு ஒரு தடவை அஞ்சு செகண்ட் மணிய கடகடன்னு அடிக்கணும். கப்பல் 100 மீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா மணிய முன்பக்கத்துல அடிச்சு முடிச்ச உடனே பின்பக்கத்துல சேகண்டி அடிக்கணும், அதுவும் மணியோட குழம்பாத மாதிரி வேற சத்தத்துல. அப்போ மணி இங்க கேக்குது, சேகண்டி அங்க கேக்குதுன்னா நடுவுல முழுக்க இரும்பு, குறுக்க பூந்து போகலாம்னு நினைச்சீங்க, செத்தோம்! கண்ணுக்கே தெரியாத கப்பலோட தலையையும் வாலையும் காதுக்கு காட்டுறாங்க, இத யோசிச்சவனுக்கு ஒரு லைக் போடுங்கப்பா (எனக்கும் போடுங்க).

சங்கோட குரலும் கப்பல் சைஸ சொல்லிடும். 200 மீட்டருக்கு மேல போனா 70லருந்து 200 ஹெர்ட்ஸ், வயித்துல அதிரும். 75 மீட்டருக்கு கீழன்னா 250லருந்து 700, கீச்சுன்னு இருக்கும்.

ஆனா சத்தத்த வச்சு கப்பல் எந்தப் பக்கம் போகுதுன்னு கணக்கு போடாதீங்க. 1914 மே மாசம் கனடாவுல செயின்ட் லாரன்ஸ் ஆத்துல எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்துங்கிற பயணிகள் கப்பலும் ஸ்டோர்ஸ்டாடுங்கிற சரக்குக் கப்பலும் ஒருத்தர் சங்க ஒருத்தர் கேட்டுட்டே தான் மோதுச்சு. எம்ப்ரஸ் 14 நிமிஷத்துல முழுகிடுச்சு, ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க. மூடுபனியில கப்பலுக்கு முன்பக்கமா சங்கு சத்தம் கேட்டா, மோதுற ஆபத்து இல்லன்னு உறுதியாகாத வரைக்கும், சுக்கான் பிடிக்கிற அளவுக்கு மட்டும் வேகத்த வச்சுக்கணும், தேவைப்பட்டா மொத்தமா நிறுத்தணும்னு இன்னைக்கு விதி.

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. மூணு தனித்தனி மணி அடி, அப்புறம் கடகடன்னு மணி, மறுபடி மூணு அடி. இந்தக் கப்பலும் நகரல, ஆனா கேப்டன் ஆசைப்பட்டு நிறுத்தல. என்ன ஆச்சு? கமெண்ட்ல சொல்லுங்க, கூகுள் பண்ணாம!