டேஷ்போர்டு வார்னிங் லைட்: எந்த வயர் பிளஸ், எது மைனஸ்?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்கிறார்: "பழைய காரின் மீட்டர் போர்டில் வார்னிங் லைட் பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி போடப் போகிறேன், வயரும் புதிதாக இழுக்கிறேன். எது பிளஸ், எது மைனஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கறுப்பு வயர் எல்லாம் எர்த் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

எடுத்துக்கொள்ள வேண்டாம். எர்த் என்றால் வண்டியின் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குப் போகிற இணைப்பு. ஜெர்மன் வண்டிகளில் எர்த் பிரவுன். ஹோண்டா பைக்கில் பச்சை. சுசுகி பைக்கில் தனிக் கறுப்பு இடது இண்டிகேட்டருக்குப் போகிற லைன். வெள்ளைக் கோடு போட்ட கறுப்புதான் எர்த். இதெல்லாம் கம்பெனி வயர் அப்படியே இருந்தால். பழைய வண்டியில் நடுவில் யாரோ கையில் கிடைத்த வயரை ஒட்டி டேப் சுற்றியிருப்பார்கள். நிறத்தைப் பாருங்கள், ஆனால் முடிவை மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) வைத்து எடுங்கள்.

சாதா பல்பை எப்படி மாட்டினாலும் எரியும். எல்இடி ஒரு திசையில்தான் கரண்டை விடும். அதனால்தான் இவ்வளவு பேச்சு.

சரி, முக்கியமான இடம் இது. லைட்டின் மைனஸ் எப்போதும் பாடியில் இருக்கும், பிளஸ்தான் சுவிட்ச் வழியாக வரும் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறோம். ஹை பீம் லைட்டில் பெரும்பாலும் அப்படித்தான். ஆயில் லைட்டும் ஹேண்ட் பிரேக் லைட்டும் அநேகமாக எல்லாப் பழைய வண்டிகளிலும் தலைகீழ். சாவி போட்டவுடன் பிளஸ் வந்து காத்திருக்கும். இன்ஜினில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச் எர்த் கொடுத்தால்தான் லைட் எரியும். பிரஷர் ஏறியதும் சுவிட்ச் விட்டுவிடும், லைட் அணையும். இந்த லைட்டின் மைனஸைப் பாடியில் கொடுத்துவிட்டால், ஆயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாவி போட்டிருக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும்.

இப்போது ஆயில், ஹேண்ட் பிரேக் லைட் வயர்களை அளக்கலாம். பல்பைக் கழற்றிவிடுங்கள். சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மல்டிமீட்டர் டிசி 20 வோல்ட்டில் இருக்கட்டும். சிவப்பு லீட் 10 ஆம்பியர் ஓட்டையில் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் வோல்ட் ஓட்டைக்கு மாற்றுங்கள், அப்படியே தொட்டால் ஃபியூஸ் போய்விடும். கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் கொடுத்து, சிவப்பு முனையால் ஹோல்டரின் இரண்டு பக்கத்தையும் தொடுங்கள். 12 வோல்ட் காட்டுவது பிளஸ். மற்றது சுவிட்சுக்குப் போகிற வயர். பிறகு சாவியை ஆஃப் செய்து, பீப் மோடில் அந்த இரண்டாவது வயரையும் பாடியையும் தொட்டால் சத்தம் வர வேண்டும். ஹேண்ட் பிரேக் வயர் என்றால் லிவரை இழுத்தால் சத்தம் வரும், இறக்கினால் நிற்கும்.

பல்பைக் கழற்றச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல்பு மாட்டியபடி, இன்ஜின் ஓடும்போது அளந்தால் இரண்டு பக்கமும் 13, 14 வோல்ட் காட்டும். சுவிட்ச் விட்டிருப்பதால் பல்பு வழியாகவே வோல்டேஜ் அந்தப் பக்கமும் வந்து நிற்கிறது. "ரெண்டுமே பிளஸ்ஸா இருக்கே" என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

ரெடிமேட் எல்இடி பல்பு எரியவில்லை என்றால் கழற்றித் திருப்பிப் போட்டாலே போதும். தனி எல்இடி என்றால் நீளமான கால் பிளஸ். தொடராக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். கூடவே ஒரு 1என்4007 டயோடும் போடுங்கள், கோடு இருக்கும் முனை மைனஸ் பக்கம் பார்க்கட்டும். தனி எல்இடி தலைகீழாக 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

அப்புறம், பேட்டரி படம் போட்ட சார்ஜ் லைட். அதை மட்டும் மாற்ற வேண்டாம். பழைய ஆல்டர்னேட்டர்களில் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) அந்தப் பல்பு வழியாகப் போகிற கரண்ட்தான் ஃபீல்டு காயிலைத் தூண்டி சார்ஜிங்கைத் தொடங்கி வைக்கிறது. எல்இடி விடுகிற சில மில்லிஆம்பியர் அதற்குப் போதாமல் போகலாம். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் சார்ஜ் ஏறாது. அந்த ஹோல்டரில் ஏற்கெனவே இருந்த அதே வாட் பல்பையே போடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் லைட் இருக்கிற வண்டி என்றால் அந்த வயர்களைத் தொடவே தொடாதீர்கள்.