மெகா டிரைவில் ஒரு பக்கம் மட்டும் சத்தம் வருவது ஏன்?

போன வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சேகா மெகா டிரைவ் வீடியோ கேம் பெட்டி, முதல் மாடல் கிடைத்திருக்கிறது. டிவியில் இடது ஸ்பீக்கரில் மட்டும்தான் சத்தம் வருகிறது. நல்ல ஸ்டீரியோ கேபிள் வாங்கினால் சரியாகிவிடுமா?" படித்ததிலிருந்து இந்தக் கேள்வி மனசைவிட்டுப் போகவில்லை.

சரியாகாது தம்பி. நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: பெட்டி அனுப்பாததைக் கேபிளால் கொடுக்க முடியாது. 1988இல் ஜப்பானில் வெளிவந்த அந்த மாடலுக்குப் பின்பக்கம் 8 முனை கொண்ட வட்ட சாக்கெட் இருக்கும். படத்துக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில்), காம்போசிட் (எல்லாம் ஒரே கம்பியில்) இரண்டுமே அதில் வரும். ஆனால் சத்தம் வெறும் மோனோ, அதாவது இடது வலது என்று பிரியாத ஒரே தடம். அதைப் பிரித்து டிவியின் சிவப்பு, வெள்ளை ஒலி சாக்கெட்டுகளில் செருகினால் இரண்டு ஸ்பீக்கரும் ஒலிக்கும். ஒலிப்பது ஒரே சத்தம்தான்.

ஸ்டீரியோ முன்பக்கத்து ஹெட்போன் சாக்கெட்டில் இருக்கிறது. அங்கிருந்து 3.5 மி.மீ. பின் உள்ள கேபிளை டிவியின் சிவப்பு, வெள்ளைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் இருக்கும் வால்யூம் பட்டையைக் கொஞ்சம் ஏற்ற மறக்காதீர்கள்; அடியோடு இறங்கிக் கிடந்தால் ஒன்றும் கேட்காது. பிறகு சோனிக் விளையாட்டைப் போட்டு வரிசையாக வளையங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்று இடது பக்கம் ஒலிக்கும், அடுத்தது வலது பக்கம், மறுபடி இடது. எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்! மோனோவில் இந்த அழகு அப்படியே காணாமல் போய்விடுகிறது. இரண்டாவது மாடலில் ஹெட்போன் சாக்கெட்டை எடுத்துவிட்டு, பின்பக்கத்து 9 முனை சாக்கெட்டிலேயே ஸ்டீரியோவைக் கொடுத்துவிட்டார்கள்.

நின்டெண்டோ நிறுவனத்தின் பெட்டிகளிலும் இதே கதைதான். சூப்பர் நின்டெண்டோவுக்கும் நின்டெண்டோ 64க்கும் சாக்கெட் ஒன்றே. முன்னதன் ஆர்ஜிபி கேபிள் பின்னதிலும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மாற்றம் செய்யாத நின்டெண்டோ 64 ஆர்ஜிபியை அனுப்புவதே இல்லை. மறுபடியும் சொல்கிறேன், பெட்டி என்ன அனுப்புகிறது என்று பார்த்துவிட்டுக் கேபிள் வாங்குங்கள்.

அப்புறம், யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு: ஆர்ஜிபிதான் எப்போதும் நல்லதா? எழுத்துக்கும் ஓரங்களுக்கும் சந்தேகமில்லாமல் நல்லது. காம்போசிட்டில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் ஓரங்கள் கலங்கும். ஆனால் சோனிக்கின் முதல் கட்டமான கிரீன் ஹில்லில் அருவியைப் பாருங்கள். அது நெருக்கமான செங்குத்துக் கோடுகளால் வரையப்பட்டது. காம்போசிட்டில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, தண்ணீர் வழியாகப் பின்னால் இருப்பது தெரிகிற மாதிரி இருக்கும். ஆர்ஜிபியில் வெறும் கம்பி கம்பியாகத் தெரியும். அதனால் சோனிக்கை நான் காம்போசிட்டில்தான் ஆடுவேன்.

தம்பி, நீங்கள் ஆர்ஜிபிதான் வேண்டும் என்று முடிவு செய்தால், முன்பக்கத்து ஹெட்போன் சாக்கெட்டில் செருக ஒரு தனி வால் வைத்த கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். முதல் மாடலுக்கென்றே அப்படிச் செய்து விற்கிறார்கள்.