ஆகஸ்ட் 1: இழப்பீடு யாருக்குப் போனது?

அவையோருக்கு வணக்கம்.

பிரிட்டனின் கரீபியக் குடியேற்றங்களில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த நாள் 1834 ஆகஸ்ட் 1. டிரினிடாட் டொபாகோ 1985-இல் இந்நாளைத் தேசிய விடுமுறை ஆக்கியது. கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் அன்று பணம் யார் கைக்குப் போனது என்று கேட்காமல் கொண்டாடினால் பாதிக் கதைதான் தெரியும்.

1833-ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு! வாங்கியவர்கள் எஜமானர்கள். விடுதலையான சுமார் எட்டு லட்சம் பேருக்குச் சல்லிக்காசு இல்லை. 1822 முதல் 1830 வரை அந்தந்தக் குடியேற்றத்தில் மனிதர்களை விற்ற சந்தை விலையை வைத்துத்தான் தொகையைப் பிரித்தார்கள். அதனால் ஜமைக்காவில் தலைக்குக் கிடைத்ததைப்போல் இரு மடங்குக்கு மேல் கயானாவில் கிடைத்தது. அங்கே நிலம் வளம், ஆள் பஞ்சம், ஆகவே விலை அதிகம்.

விடுதலையாவது உடனே வந்ததா? ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் வந்தது. மற்றவர்களைத் 'தொழில் பழகுநர்' என்று பெயர் மாற்றி, வாரம் 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் அதே எஜமானரிடம் வேலை வாங்கினார்கள். இருபது வருடம் கரும்பு வெட்டியவருக்கு இன்னும் என்ன பழக்கம் வேண்டுமாம்? ஆன்டிகுவா மட்டும் இந்த ஏற்பாட்டை வேண்டாம் என்றது. மற்ற கரீபியக் குடியேற்றங்களில் 1838 ஆகஸ்ட் 1 அன்றுதான் அது முடிந்தது.

இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடன் பிற்பாடு வேறு கடன் பத்திரங்களோடு கலந்து, 2015-இல்தான் தீர்ந்தது. அதுவரை பிரிட்டனில் வரி கட்டியவர்களில் கரீபியத்திலிருந்து வந்து குடியேறிய அடிமை வம்சத்தாரும் உண்டு. தாத்தனை விலை பேசிய கடனைப் பேரன் அடைத்திருக்கிறான்.

அடிமைகளாயிருந்த தம் முன்னோரைத் தேடுகிறவர்கள் எஜமானர் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் இணையத் தரவுத்தளத்தில் இழப்பீடு கேட்டவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் கிடைக்கும். அதைக் கொண்டு லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள அடிமைப் பதிவேடுகளுக்குப் போகலாம். வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பணம் பெற்றவர் எப்போதும் உரிமையாளர் அல்லர். தோட்டத்தை அடமானம் பிடித்த வணிகராகவோ அறங்காவலராகவோ இருக்கலாம். பதிவேட்டிலோ பெரும்பாலும் ஒற்றைப் பெயரும் உத்தேச வயதும்தான். குடும்பப் பெயர் பலருக்குப் பின்னால் வந்தது. எனவே பெயர், வயது, தோட்டம் மூன்றும் பொருந்தினால்தான் நம்பலாம்.

ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரதமரான வில்லியமின் தந்தை, சுமார் 2,500 பேரைக் கணக்குக் காட்டி ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றார். 1838-இல் கயானாவுக்கு இந்தியக் கூலிகளை முதலில் வரவழைத்தவர்களிலும் அவர் ஒருவர். அவருடைய வழித்தோன்றல்கள் 2023 ஆகஸ்டில் கயானா பல்கலைக்கழகத்தில் நின்று அடிமைமுறைக்கும் ஒப்பந்தக்கூலி முறைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்கள். அங்குள்ள ஆய்வு மையத்துக்கு ஒரு லட்சம் பவுண்டு தருவதாகவும் அறிவித்தார்கள். ஏறக்குறைய அதே தொகை. 190 ஆண்டு வட்டி அதில் சேரவில்லை. அரங்கில் சிலர் எதிர்ப்பு அட்டை பிடித்து நின்றதில் என்ன வியப்பு?