இணையம் இல்லாத நேரலை

நேயர்களுக்கு வணக்கம்.

வேலந்தாவளம், ஒழலப்பதி, கோபாலபுரம் போன்ற எல்லை ஊர்களில் கைபேசி ஓரிடத்தில் நிலைகொள்ளாது. திண்ணையில் உட்கார்ந்தால் கேரளத்துக் கோபுரத்தைப் பிடிக்கும்; தோட்டத்துக் கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டுக் கோபுரத்துக்குத் தாவும். நோம்பி நாளில் ஊரே திரண்டுவிட்டால் இரண்டும் கைவிட்டுவிடும். அன்றைக்கென்று பார்த்துத்தான் நம் இளைஞர்கள் கோயில் வாசலில் நடக்கும் கும்மியை நேரலையாக விடக் கிளம்புவார்கள். முன்னால் இடம் கிடைக்காமல் பந்தலுக்குப் பின்னால் நிற்கும் சனங்களுக்காகத்தான் என்பார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் படம் வாசலிலிருந்து கிளம்பி, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து திரும்பி, அறுபது அடி தள்ளி நிற்பவரின் கைக்கு வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் பாட்டே மாறியிருக்கும்.

இதற்கு இணையமே தேவையில்லை. ஒரு கேமரா, ஒரு மடிக்கணினி, ஒரு வைஃபை ரூட்டர் இருந்தால் போதும். ரூட்டருக்கு வெளியிலிருந்து எந்த இணைப்பும் வர வேண்டாம். தன் வட்டத்துக்குள் வரும் கருவிகளுக்கு அது 192.168 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்துவிடும். இப்படிப்பட்ட உள்வட்டங்களுக்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. மடிக்கணினியின் எண்ணைக் கொண்ட முகவரியைக் கைபேசியில் தட்டினால் படம் ஓடும்.

இது புதிய வித்தையும் அல்ல. ஆரஞ்சு நிறக் கூம்புச் சின்னத்தோடு பலருடைய கணினியிலும் இருக்கும் விஎல்சி, பிரான்சின் எகோல் சென்ட்ரல் என்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை. தங்கள் வளாகத்து வலைப்பின்னலில் வீடியோவை ஓடவிடுவதுதான் அவர்களுடைய நோக்கம். 2001இல் அது கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. நாம் சினிமா பார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறோம். அது பிறந்ததே இந்த வேலைக்காக.

சரி, ரூட்டரை வைத்துவிட்டோம். நூறு பேர் கைபேசியில் பார்த்துவிட முடியுமா? இங்கேதான் இடிக்கிறது.

பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். வந்த தண்ணீரையும் முறை வைத்துத்தான் வயலுக்குத் திருப்புகிறோம். வைஃபையும் முறைத் தண்ணீர்தான். ஒரு சேனலில், அதாவது வைஃபை பேசும் ஒரு தடத்தில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை தங்கள் முறை வரும்வரை காத்திருக்கும். கடைமடையில், அதாவது தூரத்தில், பழைய கைபேசி ஒன்று இருந்தால் அதே அளவு படத்தைப் பெற அதற்கு அதிக நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை இழப்பது மற்ற எல்லோரும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமாரான தெளிவுள்ள படத்துக்கு நொடிக்கு 2 மெகாபிட் வேண்டும். ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியே ஒரு பிரதி போகிறது. 40 பேர் என்றால் 80 மெகாபிட்; நூறு பேர் என்றால் 200. ரூட்டர் பெட்டியில் 300 என்று போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஏட்டுச் சுரைக்காய். கூட்டத்துக்கு நடுவே அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம்.

ஒரே பிரதியை ஒரே தடவை அனுப்பி எல்லோரையும் கேட்க வைக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மல்டிகாஸ்ட் என்று அதற்குப் பெயர். கம்பி வழியே அருமையாக வேலை செய்யும். காற்றில் அப்படியில்லை. எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும்போது ரூட்டர் தன் மிகக் குறைந்த வேகங்களில் ஒன்றுக்கு இறங்கிவிடும். வந்து சேர்ந்ததா என்று யாரும் பதில் சொல்வதில்லை, அதனால் தொலைந்ததைத் திரும்ப அனுப்புவதும் இல்லை. முகங்கள் சதுரம் சதுரமாக உடைவதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். விலை கூடிய சில கருவிகள் இதைச் சரிக்கட்டுகின்றன. அவற்றை வாங்கும் பணத்தில் வாடகைக்குப் பெரிய டிவி எடுத்துவிடலாம்.

என் கட்சி அதுதான். ஐம்பது கைபேசிகளுக்கு அனுப்புவதைவிடப் பந்தலுக்குப் பின்னால் இரண்டு பெரிய திரை வைப்பது மேல். காற்றில் இரண்டே பிரதிகள் போகும். வயதானவர்கள் கண்ணைச் சுருக்க வேண்டாம், பிள்ளைகளும் தலைகுனிந்து நிற்க மாட்டார்கள்.

இனித் தாமதத்துக்கு வருகிறேன். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வெளியூரில் இருப்பவருக்குப் படம் அரை நிமிடம் பிந்தினாலும் தெரியாது. பந்தலுக்குப் பின்னால் நிற்பவருக்கோ ஒலிபெருக்கி நேராகக் காதில் விழுகிறது. கும்மியில் கைதட்டும் ஓசை கேட்டுவிட்டது. திரையில் பெண்கள் இன்னும் கையை விரித்தபடி குனிகிறார்கள். அடுத்த தட்டு கேட்கும்போது முந்தைய தட்டுக்குக் கைகள் சேர்கின்றன. ஐந்து நிமிடம் இப்படிப் பார்த்தால் தலை சுற்றும். ஒலி நேராகக் கேட்கும் இடத்தில், பிந்தி வரும் படத்தைவிடப் படமே இல்லாமலிருப்பது நல்லது.

பிரவுசர் வழியே ஓடும் எச்எல்எஸ் முறை, படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. துண்டு ஒன்றுக்கு 6 நொடி; மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்குவது வழக்கம். 18 நொடி அங்கேயே போய்விட்டது. படத்தை அப்படி வெட்டாமல் தொடர்ச்சியாக அனுப்பும் ஆர்டிஎஸ்பி, 1998இலேயே வரையறுக்கப்பட்ட பழைய முறைதான், ஆனாலும் உள்வட்டத்தில் அதுவே விரைவு. அதைப் பெற்றுக் காட்டும் விஎல்சி இயல்பாக ஒரு நொடிப் படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு ஓட்டும். அமைப்பில் அதைக் கால் நொடிக்குக் குறைக்கலாம். குறைத்தால் சமிக்ஞை தடுமாறும்போது படம் விக்கும். விக்கினாலும் தாளத்தோடு விக்கட்டும் என்பேன் நான்.

கைபேசியில்தான் காட்டுவோம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வைஃபையில் இணைந்ததும் கைபேசி, 'இதில் இணையம் இல்லை, தொடர்ந்து இணைந்திருக்கவா?' என்று கேட்கும். கேள்வியைப் பார்க்காமல் விட்டால் அதுபாட்டுக்கு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்புறம் 192.168 எங்கே திறக்கும்? 'ஆம்' என்பதை அழுத்தச் சொல்லி மைக்கில் அறிவித்துவிடுங்கள்.

ரூட்டரை மேசையில் வைக்காதீர்கள். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சிவிடும். ஒத்திகையின்போது காலி மைதானத்தில் பளிச்சென்று ஓடியது கூட்டம் நிரம்பியதும் தள்ளாடுவது அதனால்தான். ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும்; ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், கடைத்தெரு ரூட்டர்கள் எல்லாம் அங்கேயே அடைந்துகிடக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், எட்டும் தூரம் குறைவு. இரண்டுக்கும் தனி உரிமம் வேண்டாம். 2.4க்கு 2005இல் விலக்குக் கிடைத்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 2018இல் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இடம் திறந்துவிட்டார்கள். சக்திக்கு மட்டும் வரம்பு உண்டு.

கோயிலிலிருந்து தோப்புக்கு அப்பால் பள்ளி மைதானம்வரை கொண்டுபோவதற்கு ஒரே பக்கம் குறிவைத்து அனுப்பும் திசை ஆன்டெனாவை மூங்கில் மேல் கட்டுகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் வீசும் கீழைக்காற்று அந்த மூங்கிலை என்ன பாடுபடுத்தும் என்று நமக்குத் தெரியும். மூங்கில் ஆடினால் குறி விலகும். இரும்புக் குழாய் போடுங்கள். நடுவில் தென்னை ஓலை மறைக்காத உயரமும் வேண்டும். கேமராவிலிருந்து ரூட்டர்வரை கம்பியே போடுங்கள். நெட்வொர்க் கம்பி ஒரே இழுப்பில் 100 மீட்டர்வரை தாங்கும்.

ஆடும் பெண்பிள்ளைகளின் வீட்டாரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்வட்டத்தில் ஓடினாலும் பார்ப்பவர் கையில் இருப்பது கைபேசி. அதில் பதிவு செய்து வெளியே அனுப்ப ஒரு நொடி போதும்.

கேமராவின் மெமரி கார்டிலும் பதிவு ஓடிக்கொண்டே இருக்கட்டும். இரவில் யாராவது வயரில் இடறினாலும் அது பத்திரமாக இருக்கும். வீட்டார் சம்மதித்தால் மறுநாள் பகலில் அதை இணையத்தில் ஏற்றலாம். துபாயில் இருக்கும் பிள்ளை ஒரு நாள் கழித்துப் பார்ப்பதால் அவனுக்குத் தாளம் தப்பிவிடாது.

நன்றி, வணக்கம்.