சக மாணவனை மதிக்க வைத்த பாடமுறை

[திரையில்: டெக்சாஸ் மாநில வரைபடம், ஆஸ்டின் நகரம், 1971]

பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருந்தும், ஆஸ்டின் நகரில் வெள்ளையின, கறுப்பின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் பெருமளவில் சேர்ந்து அமர்ந்தது 1971இல்தான். சேர்ந்து அமர்ந்தார்களே தவிர, சேர்ந்து பழகவில்லை. சில வாரங்களுக்குள் கைகலப்பு மூண்டது. நிலைமையைச் சீராக்க உதவுமாறு, சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சனைப் பள்ளி நிர்வாகம் அழைத்தது.

அவருடைய குழுவினர் முதலில் வகுப்புகளில் அமர்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பல கைகள் உயர்கின்றன. ஒருவன் தவறாகச் சொன்னால் மற்றவர்களுக்கு உற்சாகம் பிறக்கிறது. அடுத்தவன் தோற்றால்தான் தனக்கு வாய்ப்பு என்பதை, பாடம் நடத்தும் முறையே பிள்ளைகளின் மனத்தில் பதித்துக்கொண்டிருந்தது. இத்தகைய வகுப்பில் வாரம் ஒருமுறை ஒற்றுமையைப் பற்றி நீதிபோதனை செய்து என்ன பயன்?

[திரையில்: ஒரு பாடம் ஆறு தாள்களாகப் பிரிகிறது]

ஆகவே பாடம் நடத்தும் முறையையே மாற்றினார்கள். பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை வரலாறு பாடம் என்றால், அதை ஆறு பகுதிகளாக்கி, எல்லா இனத்தவரும் கலந்த ஆறு பேர் குழுவில் ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரே பகுதியைப் பெற்றவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் வந்து கூடி, அதைச் சேர்ந்து படித்துத் தெளிந்த பிறகு, தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். தேர்வோ முழுப் பாடத்திலிருந்தும் வரும். மற்ற ஐந்து பகுதிகளைத் தோழர்கள் சொல்லக் கேட்டால்தான் அறிய முடியும். துண்டுகளை இணைத்து முழுப் படமாக்கும் ஜிக்சா புதிரைப் போன்றது என்பதால், ஜிக்சா வகுப்பறை என்று இம்முறைக்குப் பெயர்.

ஒரு குழுவில், ஸ்பானிஷ் பேசும் வீட்டிலிருந்து வந்த சிறுவன் ஆங்கிலத்தில் தடுமாற, மற்றவர்கள் கேலி செய்தார்கள். உடனிருந்த உதவியாளர் கண்டிக்கவில்லை. கேலி செய்வதால் புலிட்சரின் நடுவயதைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது, தேர்வுக்கோ நேரமாகிறது என்று மட்டும் நினைவூட்டினார். நாளடைவில் அந்தப் பிள்ளைகள் பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனிடமிருந்து விவரங்களை வரவழைக்கப் பழகினார்கள். அவனும் தயக்கம் நீங்கிப் பேசினான். காதுகொடுத்துக் கேட்க வேண்டிய தேவை முதலில் வந்தது, மதிப்பு அதன் பின்னால் வந்தது என்பதே இதில் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி.

இம்முறையில் படித்தவர்கள் இன வேறுபாடு கடந்து ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கினார்கள். கறுப்பின, மெக்சிக்க வம்சாவளி மாணவர்களின் மதிப்பெண்களும் உயர்ந்தன.

இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள், குழுக்களைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விடாமல் தாமே கலந்து அமைக்க வேண்டும். ஒரே பகுதியைப் பெற்றவர்கள் கூடிப் படிக்கும் அந்த இடைப்பட்ட நேரத்தை எக்காரணத்துக்காகவும் குறைத்துவிடக் கூடாது. குறைத்தால், திக்கித் திணறும் பிள்ளையை ஆயத்தமே இல்லாமல் அனைவர் முன்னும் நிறுத்தியதாகிவிடும்.